காதடைப்பும் சைனசும்: மூக்குக் கழுவும் போத்தல் பற்றி ஒரு மதிப்பீடு

மூக்கடைப்பும் முகத்தின் கனமும் வாரக்கணக்கில் விடாமல் இருப்பவர்கள் உப்புநீரால் மூக்கைக் கழுவும் பிளாஸ்ரிக் போத்தலை வாங்கிப் பயன்படுத்தலாம் என்பதே என் முடிவு. காதடைப்பு மட்டும் உள்ளவர்களுக்கு அதே உறுதியுடன் நான் அதைச் சொல்லமாட்டேன். இந்த வேறுபாட்டை விற்பவர்களில் பலர் எடுத்துச் சொல்வதில்லை. சளித்தடிமன் போன பிறகும் காது திறக்காமல், தன் குரலே தலைக்குள் முழங்கும் எரிச்சலோடு மருந்துக்கடைக்கு வருபவர் எது கிடைத்தாலும் வாங்கிவிடும் நிலையில்தான் இருப்பார். அவருக்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பொருளை முதலில் விவரித்துவிடுகிறேன். 240 மில்லிலீற்றர் கொள்ளும், கையால் அழுத்தினால் வளைந்து கொடுக்கும் மென்மையான போத்தல். மூடியின் நடுவில் நாசித்துவாரத்தில் பொருந்தும்படி குவிந்த ஒரு முனை. அந்த முனையிலிருந்து போத்தலின் அடிவரை இறங்கும் மெல்லிய குழாய். இதனுடன் சோடியம் குளோரைட்டும் சோடியம் பைகாபனேற்றும் அளந்து அடைத்த சிறு பக்கற்றுகள் வருகின்றன. ஒரு பக்கற்றை வெதுவெதுப்பான நீரில் கரைத்தால் நம் உடல் திரவங்களின் உப்புச் செறிவுக்கு, அதாவது 0.9 சதவீதத்துக்கு, நெருங்கிய கரைசல் கிடைக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள நீல்மெட் நிறுவனத்தின் தயாரிப்பே பரவலாக அறியப்பட்டது. அதே அமைப்பில் வேறு நிறுவனங்கள் செய்தவையும் சந்தையில் உள்ளன. யோகப் பயிற்சியில் ஜலநேதி என்று செய்யப்படுவதும் அடிப்படையில் இதே வேலைதான். அதற்கான குவளை நம் பாட்டிமார் தண்ணீர் குடித்த மூக்குப்பேணியை ஒத்திருக்கும். குவளையில் நீர் தன் எடையால் வழிகிறது. போத்தலில் நம் கை அதைத் தள்ளுகிறது. காதைப் பொறுத்தவரை இது சிறிய வேறுபாடு அல்ல.

நான் ஆசிரியத் தொழிலில் இருப்பவள். வகுப்பறையில் வெண்கட்டித் தூசு, வெளியில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று கிளப்பும் யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் செம்மண் புழுதி, வீட்டில் பழைய புத்தகங்களும் பஞ்சு மெத்தையும் என்று மூக்கைத் தூண்டும் காரணங்களுக்கு என் நாளில் குறைவில்லை. ஆண்டுதோறும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் சோளகக் காலத்தில்தான் வருகின்றன. வீதி மணலும் கற்பூரப் புகையும் சேரும் அந்த நாட்களில் என் மூக்கின் ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் வழியும். கன்னத்தெலும்பின் கீழும் புருவத்தின் மேலும் கனக்கும். குனிந்தால் அந்தக் கனம் முன்னுக்கு வந்து இடிக்கும். இவற்றோடு வலது காது அடைத்துக்கொண்டு, விழுங்கும்போது மட்டும் ஒரு சிறு சொடுக்குடன் திறப்பதும் உடனே மூடுவதுமாக இருந்த காலத்தில்தான் கனடாவிலிருந்து வந்த அக்கா தன் பெட்டியில் ஒரு போத்தலைக் கொண்டுவந்தார். அது தேய்ந்த பிறகு வாங்கியவை யாழ்ப்பாணத்திலேயே வாங்கியவை.

பயன்படுத்தும் முறை எளிது. ஆனால் முதல் தடவை அச்சம் தரும். பேசினின் மேல் குனிந்து, தலையைச் சற்றுத் தாழ்த்தி, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சுவிட்டபடி, முனையை ஒரு நாசியில் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். நீர் மூக்கின் பின்புறம் சுற்றி மறு நாசியால் வெளியேறும். சிறிது வாயாலும் வரும். அழுத்தும்போது விழுங்கக் கூடாது, பேசக் கூடாது, மூச்சைப் பிடிக்கவும் கூடாது. விழுங்கினால் காதுக்குச் செல்லும் குழாய் திறந்துகொள்ளும். அந்த நேரத்தில் நீர் அங்கே தள்ளப்படலாம். பாதிப் போத்தல் ஒரு பக்கத்துக்கும் மீதி மறுபக்கத்துக்கும் போக வேண்டும். உப்பளவு சரியாக இருந்து நீர் உடல் வெப்பத்தில் இருந்தால் எரிவே இராது. வெறும் நீரை ஏற்றினால்தான் கண்ணில் நீர் வரும் அளவுக்கு உறைக்கும். மூக்கின் மென்சவ்வு தன்னைவிட உப்புக் குறைந்த நீரைப் பொறுக்காது. முடிந்த பிறகு வாயைத் திறந்தபடி ஒவ்வொரு பக்கமாக மெதுவாகச் சிந்த வேண்டும். இரண்டு நாசியையும் பொத்திப் பலமாகச் சிந்துவது, சளியையும் எஞ்சிய நீரையும் காதுப் பக்கம் அனுப்பும் வழி.

இன்னொன்றையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். கழுவி நீண்ட நேரம் கழித்தும், குனியும் ஒரு கணத்தில் மூக்கின் உள்ளறைகளில் தங்கிய நீர் திடீரென்று வழியும். கொப்பிகள் திருத்தும்போது கீழே விழுந்த சிவப்புப் பேனையை எடுக்கக் குனிந்து, பிள்ளையின் கொப்பியிலேயே அது சொட்டிய அனுபவம் எனக்கு உண்டு. ஆகவே வெளியே போவதற்கு அல்லது படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே கழுவிவிட்டு, தலையை இருபக்கமும் சரித்துக் குனிந்து நீரை வடித்துவிடுவது நல்லது.

பயன் என்று பார்த்தால், மூக்குக்கு அது உடனடியாகத் தெரிந்தது. கெட்டியான சளி இளகி வெளிவந்ததும், இரவில் வாயால் மூச்சுவிடுவது குறைந்தது. காலையில் தொண்டைக்குள் வழியும் சளியும் அதனால் வரும் செருமலும் தணிந்தன. முகக்கனம் சில நாட்களில் இறங்கத் தொடங்கியது. காது மட்டும் அவ்வளவு விரைவில் திறக்கவில்லை. மூக்கு நன்றாகத் திறந்து வாரங்கள் சென்ற பிறகே, விழுங்கும்போது வரும் சொடுக்கு அடிக்கடி வரத் தொடங்கி, திறந்த காது திறந்தபடி இருக்க ஆரம்பித்தது. அதில் போத்தலின் பங்கு எவ்வளவு, வைத்தியர் தந்த மூக்கு ஸ்பிறேயின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அப்படிப் பிரித்துச் சொல்பவர்களை நம்பவும் வேண்டாம்.

காது ஏன் பிந்துகிறது என்பதற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுச்செவி காற்று நிறைந்த ஒரு சிறு அறை. அதற்கு வெளிக்காற்று வரும் ஒரே வழி, மூக்கின் பின்புறத்தில் திறக்கும் யூஸ்ரேக்கியன் குழாய். வளர்ந்தவர்களில் அது ஏறத்தாழ மூன்றரை சென்ரிமீற்றர் நீளமானது. சாதாரணமாக மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்தின் தசைகள் இழுக்க ஒரு கணம் திறக்கும். நடுச்செவியின் காற்றை அதன் சவ்வு மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் இந்தத் திறப்பு நாள் முழுவதும் நடந்தாக வேண்டும். தடிமனாலோ ஒவ்வாமையாலோ குழாயின் வாய் வீங்கினால் உள்ளே அமுக்கம் குறைந்து செவிப்பறை உட்பக்கம் இழுபடுகிறது. நாம் காதடைப்பு என்று உணர்வது பெரும்பாலும் அதைத்தான். வீக்கம் நீடித்தால் சவ்விலிருந்து நீர் கசிந்து அறையில் தேங்கும்.

மெதுவாக, முறையாகக் கழுவினால் போத்தலின் நீர் இந்தக் குழாய்க்குள் போவதில்லை, போகவும் கூடாது. அது செய்வது, குழாயின் வாயைச் சுற்றியுள்ள பகுதியிலிருந்து சளியையும் தூசையும் அகற்றி, வீக்கம் வற்றுவதற்கு வழிவிடுவது மட்டுமே. சைனஸ் அறைகள் விடயத்திலும் இதே நிதானம் தேவை. கன்னத்திலும் நெற்றியிலும் கண்களுக்கிடையிலும் ஆழத்திலுமாக நான்கு சோடி அறைகள் இருக்கின்றன. சத்திரசிகிச்சை செய்யாத ஒருவரில் போத்தல் நீர் இவற்றுக்குள் நிறைந்து கழுவுகிறது என்று சொல்ல முடியாது. அறைகளின் வாசல்கள் திறக்கும் மூக்கறையைத்தான் அது துப்புரவு செய்கிறது. வாசல் துப்புரவானால் அறைகள் தாமாகவே வடியும். வைத்தியசாலை வீதியிலுள்ள மருந்துக்கடை ஒன்றில் அனுபவமுள்ள மருந்தாளர் ஒருவர் என்னிடம் சொன்னது இதுதான்: “ரீச்சர், காதுக்கெண்டு வாங்காதேங்கோ, மூக்குக்கெண்டு வாங்குங்கோ. மூக்குச் சரிவந்தால் காது பிறகு வரும்.” போத்தல் விற்பவர் ஒருவர் வாயிலிருந்து வந்த இந்தச் சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன்.

காதடைப்பு உள்ளவர்கள் போத்தலை மென்மையாகவே அழுத்த வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். பலமாக அழுத்தினால் நீர் குழாயின் வாய்க்குள் தள்ளப்பட்டு, இருந்த அடைப்போடு புதிய கனமும் வலியும் சேரும். மூக்கு முற்றாக அடைத்து, ஏற்றிய நீர் மறுபக்கம் வராத நாளில் கழுவுவதை நிறுத்திவிட வேண்டும். கை அழுத்தத்தைக் கட்டுப்படுத்த முடியாத வயோதிபர்களுக்கு நேதிக் குவளையே பாதுகாப்பானது என்று கருதுகிறேன். காதில் சீழ் வடியும் காலத்திலோ, காதிலோ மூக்கிலோ அண்மையில் சத்திரசிகிச்சை செய்திருந்தாலோ வைத்தியரின் அனுமதி இல்லாமல் இரண்டையுமே தொடக்கூடாது.

போத்தலைவிட முக்கியமானது அதற்குள் ஊற்றும் நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல் பாறைக்குள் தேங்கும் மழைநீரைக் கிணறுகளால் எடுத்தே நாம் வாழ்கிறோம். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவம் அந்தச் சுண்ணாம்பே. மூக்குக்கு அதனால் பெரிய கெடுதி இல்லை. கெடுதி கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால் வருவது. சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே மலசலகூடக் குழிகளின் நீர் கிணற்றோடு கலக்கக்கூடிய நிலம் இது. குடிக்கும் நீரில் உள்ள சில கிருமிகளை வயிற்றின் அமிலம் கொன்றுவிடும். மூக்கில் அப்படி ஒரு காவல் இல்லை. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா பௌலேரி என்ற அமீபா மூக்கின் வழியே மூளையை அடைந்தால் பிழைப்பவர் மிக அரிது. 2011 இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நேதிக் குவளையில் குழாய்நீரை அப்படியே பயன்படுத்திய இருவர் இதனால் இறந்தனர். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் அறிவுறுத்துவது, நீரைக் கொதிநிலையில் ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்துப் பயன்படுத்த வேண்டும் என்பதே. உயர்ந்த மலைப்பிரதேசங்களில் இது மூன்று நிமிடம். கடல் மட்டத்தையொட்டிய யாழ்ப்பாணத்துக்கு ஒரு நிமிடம் போதும்.

இந்த இடத்தில் நம் வழக்கங்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கொதித்த நீர் ஆறும்வரை பொறுமையில்லாமல் அதற்குள் பச்சைத்தண்ணீரைக் கலந்து இளஞ்சூடாக்குவது நம் வீடுகளில் இயல்பு. குளிப்பதற்கு அது சரி. மூக்குக்கு அது கொதிக்கவைத்ததையே பயனற்றதாக்கிவிடும். வடிகட்டிய குடிநீரைக் கலன்களில் வாங்குபவர்கள் அது துப்புரவானது என்று நேரடியாக ஊற்றுகிறார்கள். வடிகட்டிய நீரில் உப்பும் சுண்ணாம்பும் குறைந்திருக்கலாம், ஆனால் கலனில் நாட்கணக்கில் நின்ற நீர் கிருமியற்றது அல்ல. அதையும் கொதிக்கவைக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீர் வேண்டும் என்று எங்கோ கேள்விப்பட்டு, வாகன பற்றரிக்கு ஊற்றும் நீரை வாங்கியவரையும் நான் அறிவேன். அது மனித உடலுக்காகச் செய்யப்பட்டதே அல்ல. நான் காலையில் தேநீருக்குக் கொதிக்கவைக்கும்போதே இரண்டு போத்தல் அளவு நீரைத் தனியாகக் கொதிக்கவிட்டு, மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் ஆறவிடுகிறேன். அன்றைய நீர் அன்றைக்கே, எஞ்சியது செடிக்கு.

பக்கற்றுகளே இந்தப் பொருளின் செலவு. போத்தல் சில மாதங்களுக்கு ஒரு தடவை வாங்குவது. பக்கற்றோ நாளுக்கு ஒன்றோ இரண்டோ போகும். ரூபாய் வீழ்ந்து மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்த 2022 இல் இதைத் தேடி அலைந்தவர்களுக்கு, வீட்டிலேயே கலந்துகொள்ளலாம் என்ற செய்தி உதவியிருக்கும். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை சொல்லும் அளவு எளிதானது: ஏறத்தாழ அரை லீற்றரைவிடச் சற்று அதிகமான கொதித்து ஆறிய நீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும். ஆனையிறவில் விளைந்த கல்லுப்பைச் சமையலுக்கு நான் விரும்பி வாங்குபவள். மூக்குக்கு அதை எடுப்பதில்லை, ஏனென்றால் கல்லுப்பின் அடியில் மண்ணும் தும்பும் தங்கும், கரண்டிக்குக் கரண்டி எடையும் மாறும். துப்புரவான தூளுப்பே நல்லது. இலங்கையில் விற்கும் உணவு உப்பில் அயடீன் சேர்க்கப்படுவதால் சிலருக்கு மூக்கில் லேசான உறுத்தல் ஏற்படலாம்; அப்படியானவர்களுக்குப் பக்கற்றே தீர்வு. பக்கற் வாங்கும்போது ஒன்றை விரலால் நசுக்கிப் பாருங்கள். நகரில் ஒரு கடையில் நான் வாங்கிய பெட்டியில் பாதிப் பக்கற்றுகள் ஈரம் ஏறிக் கல்லாகியிருந்தன. மாற்றித் தரவும் மறுத்துவிட்டார்கள். கட்டியானது முழுவதும் கரையாமல் போனால் அன்றைய கரைசல் உப்புக் குறைந்து மூக்கை எரிக்கும்.

மாற்று வழிகளோடு ஒப்பிடாமல் மதிப்பீடு முழுமையாகாது. நொச்சியிலை போட்டு வேது பிடிப்பது, அதாவது ஆவி பிடிப்பது, நம்முடைய முதல் மருந்து. தலையிடியும் உடம்பு அலுப்பும் அதனால் குறைவதை மறுக்க மாட்டேன். ஆனால் நாட்பட்ட சைனஸ் தொல்லைக்கு அது போதுமா என்பதை இங்கிலாந்தில் 871 பேரை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். 2016 இல் வெளியான அந்த ஆய்வில், உப்புநீரால் கழுவும்படி அறிவுறுத்தப்பட்டவர்களிடம் மூன்றாம், ஆறாம் மாதங்களில் மிதமான முன்னேற்றம் தெரிந்தது. ஆவி பிடித்தவர்களிடம் தலையிடி குறைந்ததைத் தவிரச் சொல்லத்தக்க பயன் தெரியவில்லை. மிதமான என்ற சொல்லையும் நான் வேண்டுமென்றே விடாமல் எழுதுகிறேன். போத்தல் அற்புதம் செய்வதில்லை. வேதுப் பானை கவிழ்ந்து பிள்ளைகள் வெந்துபோகும் ஆபத்து மட்டும் அதில் இல்லை. தைலங்களில் உள்ள மென்தோல் (menthol) என்ற பொருள், மூக்கின் குளிர் உணரும் நரம்புகளைத் தூண்டி மூச்சு இலகுவானதாக உணரச் செய்கிறது. அடைப்பு உண்மையில் அப்படியே இருக்கும்.

மூக்கடைப்பை உடனே திறக்கும் சைலோமெற்றசோலின், ஒக்சிமெற்றசோலின் வகைத் துளிமருந்துகளைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சில நிமிடங்களில் மூக்கு திறந்துவிடுவதால் போத்தலைவிட இவை பெரிய மருந்தாகத் தோன்றும். சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் சவ்வு முன்பைவிட அதிகமாக வீங்கும். அதைத் திறக்க மீண்டும் துளிமருந்து வேண்டும். இப்படி மாதக்கணக்கில் சிறு போத்தலைச் சட்டைப்பையில் வைத்துத் திரிபவர்கள் நம்மிடையே குறைவில்லை. கடுந்தடிமனுக்கு மூன்று முதல் ஐந்து நாட்கள், அதற்கு மேல் வேண்டாம். வைத்தியர் எழுதித் தரும் புளூற்றிக்கசோன், மொமெற்றசோன் போன்ற ஸ்ரீரொயிட் ஸ்பிறேக்கள் வேறு வகை. அவை பழக்கப்படுத்துவதில்லை, ஆனால் முழுப் பயன் தர ஒன்றிரண்டு வாரங்களாவது வேண்டும். போத்தலின் உண்மையான மதிப்பு எனக்கு இங்கேதான் புலப்பட்டது. சளியின் மேல் அடித்த ஸ்பிறே சளியோடு வழிந்துவிடும். கழுவிச் சற்று நேரம் கழித்து அடித்தால் மருந்து சவ்வைத் தொடுகிறது. ஸ்பிறேயின் முனையை நடுச்சுவர்ப் பக்கம் திருப்பாமல் கண்ணின் வெளிமூலையை நோக்கிப் பிடிக்க வேண்டும், வலது நாசிக்கு இடது கை, இடது நாசிக்கு வலது கை. இல்லாவிடில் மூக்கால் இரத்தம் கசியும். ஒவ்வாமை இல்லாமல் காதடைப்பு மட்டும் உள்ளவர்களுக்கு இந்த ஸ்பிறேக்களும் தெளிவான பயன் தந்ததாகச் சோதனைகள் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

காதுக்கென்றே ஏதாவது செய்ய விரும்புபவர்கள், விழுங்குவதையும் கொட்டாவி விடுவதையும் கூட்டலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிப் பார்க்கலாம். மூக்கைப் பொத்தி மெதுவாகக் காற்றைக் காதுக்கு ஊதும் முறை, அதை 1704 இல் விவரித்த இத்தாலிய மருத்துவர் வல்சல்வாவின் பெயரால் அறியப்படுகிறது; சளி நிறைந்த மூக்குடன் அதைச் செய்யக்கூடாது, ஆகவே கழுவிய பின்பே முயல வேண்டும். மூக்கால் ஊதும் பலூன் ஒன்றும் விற்பனையில் உண்டு. பிரித்தானியாவில் நடுச்செவியில் நீர் தேங்கிய 4 முதல் 11 வயதுக்குட்பட்ட 320 சிறுவர்களிடம் அதைச் சோதித்து 2015 இல் வெளியிட்ட முடிவு ஓரளவு நம்பிக்கை தருவது. பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்கும்போது, புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன் கழுவிவிட்டு, விமானம் இறங்கும் நேரத்தில் தூங்காமல் இனிப்பொன்றைச் சப்பி விழுங்கிக்கொண்டிருந்தது எனக்குப் போதுமானதாக இருந்தது. காது இடிப்பது ஏறும்போதைவிட இறங்கும்போதே அதிகம்.

போத்தலின் குறைகளும் உண்டு. மூடியின் உட்பக்கமும் உள்ளே இறங்கும் குழாயும் உலர்வது கடினம். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் நாள் முழுவதும் திறந்து வைத்தாலும் குழாய்க்குள் ஒரு துளி நீர் நிற்கும், அங்கேதான் கறுப்புப் பூஞ்சணம் தொடங்கும். குழாயைக் கழற்றி, சவர்க்கார நீரால் கழுவி, கொதித்து ஆறிய நீரால் அலசி, உதறிச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் ஓரளவு சமாளிக்கலாம். கொதிநீரை நேரே ஊற்றினால் மென்பிளாஸ்ரிக் கோணிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும்படி நீல்மெட் அறிவுறுத்துகிறது. அந்தச் செலவையும் கணக்கில் எடுத்தே வாங்க வேண்டும். ஒரு வீட்டில் நால்வர் இருந்தால் நான்கு போத்தல். பற்தூரிகையைப் பகிராதவர்கள் இதையும் பகிரக்கூடாது.

போத்தலை ஒதுக்கிவைத்துவிட்டு வைத்தியரிடம் போக வேண்டிய அறிகுறிகளை இங்கே எழுதாமல் விட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு காதின் கேட்டல் திடீரென்று, சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ, குறைந்தால் அதை அடைப்பு என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. உள்காதின் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் சிகிச்சைக்குரிய காலம் மிகக் குறுகியது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு பக்கக் காதில் மட்டும் அடைப்பு வாரக்கணக்கில் நின்றால், மூக்கின் பின்புறத்தைக் கமராக் குழாயால் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் அங்கு வளரும் கட்டி ஒன்றும் அதே அறிகுறியோடுதான் தொடங்கும்; கழுத்தில் வீக்கமோ மூக்கில் இரத்தமோ சேர்ந்திருந்தால் இன்னும் விரைவாக. கண்ணைச் சுற்றி வீங்குவது, கடுங்காய்ச்சல், தலைசுற்றல் ஆகியவையும் காத்திருக்கக் கூடியவை அல்ல. ஒரு பக்கக் கன்னம் மட்டும் கனத்து நாறும் சளி வந்தால் மேற்பல்லின் வேரையும் பார்க்கச் சொல்லுங்கள். காதுக்குடுமி எனப்படும் காதழுக்கு, தாடை மூட்டின் பிசகு ஆகியவையும் காதடைப்பாகவே உணரப்படும். இவற்றை எந்தப் போத்தலும் தீர்க்காது. யாழ் போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் இவற்றை இலவசமாகவே பார்க்கலாம். நடுச்செவி அமுக்கத்தை அளக்கும் சோதனை சில நிமிடங்களில் முடிவது, வலியில்லாதது. செவிப்பறை உள்ளே இழுபட்டிருக்கிறதா, பின்னால் நீர் நிற்கிறதா என்பதை அதன் வரைபடமே காட்டிவிடும். சித்த மருத்துவத்தில் பீனிசம் எனப்படும் சைனஸ் தொல்லைக்கு மருந்து எடுப்பவர்களும் இந்த ஒரு சோதனையைச் செய்துகொண்டு தொடர்வது நல்லது.

விற்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நான் இங்கு வாங்கிய பெட்டிகளில் இருந்த துண்டுப்பிரசுரங்களில் தமிழ் இல்லை. கொதிக்கவைத்த நீரையே ஊற்ற வேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், பின்பக்கத்தில் இருந்தது. கிணற்றுநீரைக் குடித்து வளர்ந்த ஓர் அம்மாவின் கையில் இந்தப் போத்தலைக் கொடுக்கும்போது, அவர் முதலில் கேட்பது விலையைத்தான், நீரைப் பற்றி அல்ல. மருந்துக்கடைக்காரர் விலைச் சீட்டு ஒட்டும் அதே இடத்தில் “கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும், பச்சைத்தண்ணீர் கலக்கக் கூடாது, மெதுவாக அழுத்தவும்” என்று பேனையால் எழுதி ஒட்டினாலே போதும். என் அயலில் இரண்டு கடைகளில் கேட்டுப் பார்த்தேன். ஒரு கடையில் எழுதி ஒட்டத் தொடங்கியிருக்கிறார்கள்.